நாலு மார்க் கதையும் கூந்தல் தைலக் கதையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடும் பிள்ளைகள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு அறிவியல் புனைகதை பிடிக்காது. இதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். 1980களில் ஆனந்த விகடனில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' வந்துகொண்டிருந்தபோது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் வாராவாரம் அதற்கு அடிதடிதான். ஜீனோ என்கிற இயந்திர நாய், குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி, ஆளுக்கு இரண்டே எழுத்தில் பெயர் என்று எல்லாரும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். நான் லக்ஷ்மி, சிவசங்கரி நாவல்களோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். "நாய்னா குரைக்கணும், கடிக்கணும். பேசற நாய் எதுக்கு?" என்று ஒருமுறை கேட்டு, தலைமை ஆசிரியர் உட்பட எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதே கதை பிறகு தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதையும் நான் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் நாம் வசிக்கிற இடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. 1971 முதல் அங்கிருந்து ராக்கெட் கிளம்புகிறது. வலை பின்னுகிற தாத்தாக்கள் தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி ஊசியைக் கோப்பார்கள். தெற்கே காட்டுப்பள்ளியில் 2010ல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, ஒரு நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனோடு. என் பாட்டியிடம் போய் 'கடல் தண்ணியைக் குடிக்கலாம்' என்று சொல்லியிருந்தால் வேப்பிலை அடித்திருப்பாள். அறிவியல் கதைக்கு நடுவிலேயே குடியிருந்துகொண்டு அறிவியல் கதை பிடிக்காது என்று சொன்னவள் நான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கோடையில், சிங்கப்பூரில் இருக்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் போன் செய்தான். "டீச்சர், 'அரூ'ன்னு ஒரு இணைய இதழ் இருக்கு. 2018லேர்ந்து வருது. கனவுருப் புனைவு, அறிவியல் புனைவுக்குன்னே நண்பர்கள் சில பேர் சேர்ந்து நடத்துறாங்க. போட்டியெல்லாம் வைக்கிறாங்க. நாலு கதை அனுப்பறேன், படிச்சுட்டுத் திட்டுங்க" என்றான். திட்டச் சொன்னதால் படித்தேன். சொந்தக் காசையும் சொந்த நேரத்தையும் போட்டு நடத்துகிற இதழ் என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. 1959ல் சி.சு.செல்லப்பா 'எழுத்து' தொடங்கி, புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்ததை நம் தமிழய்யா கண் கலங்கச் சொல்வார்.

அனுப்பிய கதைகளில் இரண்டு எனக்குப் புரியவில்லை. ஒன்று புரிந்தது, பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று இரண்டு நாள் தூங்கவிடவில்லை. எது என்று சொல்ல மாட்டேன், மற்றவர்கள் வருத்தப்படுவார்கள். அது எப்படி என்னைப் பிடித்தது என்று யோசித்து, இப்படிப்பட்ட கதைகளை நம் நாட்டில் முதலில் யார் எழுதினார்கள், எங்கே அச்சிட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை? தேடத் தேட எனக்குப் பெரிய வேடிக்கை. பெரிய பதிப்பகம், பெரிய பத்திரிகை எதிலும் இது தொடங்கவில்லை. தொடங்கிய இடம் ஒரு கூந்தல் தைல வியாபாரியின் கடை!

கல்கத்தாவில் எச். போஸ் என்று ஒரு வியாபாரி. 'குந்தலின்' என்று தலைக்குத் தேய்க்கும் தைலம் தயாரித்தார். விளம்பரத்துக்காக 1896ல் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் எங்காவது தைலம் வர வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் போட்டியில் பரிசு வாங்கியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? செடிக்கும் உணர்வு உண்டு என்று எட்டாம் வகுப்பில் உங்களுக்கு நான் நடத்தினேனே, அதே ஜகதீச சந்திர போஸ். கம்பி இல்லாமல் மின்காந்த அலையை அனுப்பிக் காட்டி உலகத்தை வியக்க வைத்த சமயத்திலேயே, மனிதர் தைலக் கம்பெனிப் போட்டிக்கும் கதை எழுதியிருக்கிறார்.

கதை இதுதான். வங்காளத்தைப் பெரும்புயல் தாக்கப் போகிறது என்று வானிலைத் துறை அறிவிக்கிறது. ஊரே நடுங்குகிறது. புயல் வரவே இல்லை. எங்கே போனது என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நடந்தது என்னவென்றால், காய்ச்சலில் முடி கொட்டிப்போன ஒருவர் உடம்பு தேற இலங்கைக்குக் கப்பல் ஏறுகிறார். மகள் அவருடைய பெட்டியில் ஒரு தைலப் புட்டியை வைத்து அனுப்புகிறாள். நடுக்கடலில் புயல். எண்ணெய் அலையை அடக்கும் என்று படித்தது அவருக்கு நினைவு வர, புட்டியைத் திறந்து கடலில் வீசுகிறார். கடல் அடங்குகிறது. புயலும் காணாமல் போகிறது.

ஏரிக்கரைப் பிள்ளைகளான நீங்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீர்கள். ஏரியில் எண்ணெய் படர்ந்த இடம் மட்டும் கண்ணாடி மாதிரி தெரிவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றி, அரை ஏக்கர் பரப்புக்கு நீர் அடங்கியதைப் பார்த்து 1774ல் எழுதியிருக்கிறார். எண்ணெய் மிக மெல்லிய படலமாகப் பரவிவிடும். அதனால் சின்னச் சின்ன அலைகள் எழும்ப முடியாமல் போகிறது, காற்றுக்கும் நீரில் சரியான பிடி கிடைப்பதில்லை. குளத்துக்கு இது சரி. புயலுக்கு ஆகுமா? ஆகாது என்று போஸுக்குத் தெரியாதா! உண்மையான ஒரு சின்ன அறிவியலை எடுத்து, இழுக்க முடிந்த மட்டும் இழுத்துப் பார்த்திருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றபோது இந்தக் கதை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு தேங்காயெண்ணெய்ப் பாட்டிலையாவது எறிந்து பார்த்திருப்பேன்.

அடுத்தது நம் சென்னை. இதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

1901ல் சென்னையில் கமலா சத்தியநாதன் என்ற அம்மையார், பெண்களுக்காக 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்று ஓர் ஆங்கில மாத இதழைத் தொடங்கினார். இந்தியப் பெண் ஒருவர் தானே ஆசிரியராக இருந்து பெண்களுக்கு நடத்திய இதழ். அதில் 1905ல் ஒரு கதை வந்தது. பெயர் 'சுல்தானாவின் கனவு'. எழுதியவர் ரொக்கையா சகாவத் ஹுசேன், இன்றைய வங்கதேசத்தில் ரங்பூர்ப் பக்கம் 1880ல் பிறந்தவர். பள்ளிக்கூடம் அனுப்பாத வீடு. அண்ணன் ராத்திரியில் விளக்கு வைத்து இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கணவர் டெபுடி மாஜிஸ்திரேட். அவர் வெளியூர் போயிருந்த நாளில் பொழுது போகாமல் இதை எழுதினாராம். திரும்பி வந்த கணவர் நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு, சரியான பழி வாங்கல் என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாராம். அந்தக் கணவர்தான் பிறகு பெண்கள் பள்ளிக்கென்று பணம் ஒதுக்கி வைத்துவிட்டுப் போனார். அம்மையார் 1909ல் பாகல்பூரிலும், 1911ல் கல்கத்தாவிலும் அவர் பெயரில் பள்ளி தொடங்கினார்.

அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கதையை ஆங்கிலத்திலேயே படித்தேன். பெரிய கதை இல்லை, ஒரே மத்தியானத்தில் முடிந்துவிட்டது. இந்தியப் பெண்களின் நிலையை நினைத்தபடி சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்த ஒருத்தி வேறொரு நாட்டில் விழிக்கிறாள். அங்கே தெருவில் பெண்கள்தான் நடமாடுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள். சமையல், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவர்கள் பாடு. பெண்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் வானத்தில் பலூனை நிறுத்திக் குழாய் வழியாக மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறது. இன்னொரு கூட்டம் வெயிலின் சூட்டைச் சேர்த்து வைக்கிறது. சண்டைக்கு வந்த எதிரிப் படையை அந்தச் சூட்டைத் திருப்பிவிட்டே விரட்டுகிறார்கள். ஒரு துளி ரத்தம் சிந்தவில்லை என்று சொல்லலாம். உழவு மின்சாரத்தில் நடக்கிறது. போக்குவரத்து ஆகாயத்தில். கொசுக்கடிகூட இல்லை! பெண்ணுக்கு 21 வயது ஆகும் முன் கல்யாணம் கூடாது என்று அந்த நாட்டு ராணி சட்டம் போட்டிருக்கிறாள். 1905ல், பிள்ளைகளே. சோலார் பேனல் நம் பள்ளிக்கூட மொட்டை மாடிக்கு எப்போது வந்தது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கதையை முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். இதை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்று உடனே பிடிபடவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவும்போது பிடிபட்டது. 1993, ஏழாம் வகுப்பு, கட்டுரை நோட்டு.

அந்த வருடம் செப்டம்பர் 20, திங்கட்கிழமை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை முதன்முதலாக விட்ட நாள். காலை இடைவேளையில் பிள்ளைகளை வெளியே நிறுத்திக் காட்டினோம். அழகாகத்தான் ஏறியது. ஆனால் செயற்கைக்கோள் பாதையில் போய்ச் சேரவில்லை, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது என்று பிறகு வானொலியில் சொன்னார்கள். அந்த வாரமே 'நான் கண்ட ராக்கெட்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். எல்லாப் பிள்ளைகளும் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட முன்னுரை, பொருளுரை, முடிவுரையை அப்படியே எழுதினார்கள். ஒருத்தி மட்டும் நாலு பக்கம் கதை எழுதினாள்.

அவள் அம்மா ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி எறா பிடிக்கிறவர். பறியை வாயில் கடித்துக்கொண்டோ இடுப்பில் கட்டிக்கொண்டோ நாள் முழுக்கத் தண்ணீரில் குனிந்திருக்கும் வேலை அது. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வருமே, அதிலிருந்து கதையை ஆரம்பித்திருந்தாள். விழுந்த ராக்கெட்டின் புகை கரைக்கு வருகிறது. அந்தப் புகை பட்ட ஆண்கள் எல்லாரும் ஆறு மாதம் தூங்கிவிடுகிறார்கள். பெண்கள் என்ன செய்வார்கள்? படகை எடுக்கிறார்கள். பாட்டுக்குச் சீட்டுப் போடுவதும் அவர்களே. ('பாடு' என்றால் ஏரியில் யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை விடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வது. வெளியூர் உறவுகளுக்காகச் சொல்கிறேன். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆண்களின் பெயரில் மட்டும் இருக்கிற உரிமை.) ஏலக் கூடத்தில் விலை சொல்வதும் அவர்களே. ஆறு மாதம் கழித்து ஆண்கள் விழிக்கும்போது, படகுக்கு இடம் இல்லாததால் பறியைத் தூக்கிக்கொண்டு எறா தடவப் போகிறார்கள்.

நான் என்ன செய்தேன்? வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பாராட்டுவதற்கு அல்ல. ஆண்கள் எறா தடவும் இடம் வந்ததும் வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது, நானும் சிரித்தேன். பத்துக்கு நாலு மார்க் போட்டேன். கீழே சிவப்பு மையில் 'நடக்கக்கூடியதை எழுதவும்' என்று எழுதினேன். அவள் நோட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அழவெல்லாம் இல்லை. அதன் பிறகு அவளுடைய கட்டுரைகளில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை சரியாக இருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். பதினேழு வயதில் கல்யாணம். அந்தக் கல்யாணத்துக்கு நான் போய் மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

88 வருடத்துக்கு முன்னால் சென்னையில் ஓர் அம்மையார் இதே மாதிரிக் கதையைப் பத்திரிகையில் போட்டிருக்கிறார். நான் நாலு மார்க் போட்டேன். வேலைப்பளு, ஒரே அறையில் இரண்டு வகுப்பு, பாடத்திட்டம் என்று எத்தனையோ காரணம் சொல்லலாம். நானே மனதுக்குள் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். எதுவும் ஒட்டவில்லை. கமலா சத்தியநாதனுக்கு மட்டும் வேலை குறைச்சலா என்ன?

இன்னும் ஒரு கதை சொல்கிறேன், இதுவும் போட்டிக் கதைதான். வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் 1974ல் மராத்தி அறிவியல் மன்றம் நடத்திய கதைப் போட்டிக்கு ஒரு கதை அனுப்பினார். உலகப் புகழ் பெற்றவர், பெயரைப் பார்த்தே பரிசு கொடுத்துவிடுவார்கள் என்று தயங்கி, தன் இனிஷியல்களைத் திருப்பிப் போட்டு ஒரு புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று மனைவியை எழுதச் சொன்னாராம். அப்படியும் முதல் பரிசு. நடுவர்கள் பெயரைப் பார்க்காமல் கதையைப் பார்த்திருக்கிறார்கள்.

கல்கத்தாவில் 1963ல் அத்ரீஷ் பர்தன் என்பவர் 'ஆஷ்சர்ய' என்று அறிவியல் புனைகதைக்கென்றே இதழ் தொடங்கினார். நம் நாட்டில் இதற்கென வந்த முதல் இதழ் அதுதான் என்கிறார்கள். 'கல்பவிஞ்ஞான்' என்ற வார்த்தையும் அவர் உண்டாக்கியதே. சத்யஜித் ராய் போன்றவர்கள் கை கொடுத்தார்கள். அமெரிக்காவில் 1926ல் இதற்கென முதல் இதழ் வந்தபோது, வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டார்கள். கடிதம் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப் பிடித்து, 1930லிருந்து தாங்களே கைப்பிரதி மாதிரி இதழ்கள் போட ஆரம்பித்தார்கள். நம் பள்ளியில் சைக்ளோஸ்டைல் மிஷினில் கேள்வித்தாள் எடுத்துக் கையெல்லாம் மை பூசிக்கொள்வோமே, அந்த மாதிரி வேலை. தமிழில் சுஜாதா பெரிய வீதியில் தேர் இழுத்தார் என்றால், பக்கத்துச் சந்துகளில் 'திண்ணை' இணைய இதழ் மாதிரி இடங்களில் ஒரு சிலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்புக் கதைகள் அப்படி வந்தவைதான். இப்போது 'அரூ'.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு இந்த வகைக் கதை பிடித்துவிட்டதா என்றால், இல்லை. விண்கலத்தின் பாகங்களைப் பட்டியல் போடுகிற கதைகளை இப்போதும் தாண்டிவிடுகிறேன். ஆங்கிலப் பெயர் வைத்த கருவி மூன்றாவது பத்தியில் வந்தால் தூக்கம் வருகிறது. சிங்கப்பூர் மாணவனிடம் அப்படியே சொன்னேன். "டீச்சர், பத்துக்கு எவ்ளோ?" என்றான். மார்க் போடுவதை விட்டுவிட்டேன் என்றேன்.

போன மாதம் அந்தப் பெண்ணின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனை எடுத்தேன். கருவாடு வியாபாரம் செய்கிறாள். மகளிர் குழுவில் கணக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாளாம். கதையை நினைவுபடுத்தி, "நான் அன்னைக்குச் செஞ்சது தப்பும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "இன்னா டீச்சர், அப்படியா எழுதினேன்? எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்லியே" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாள் ஒத்திகை வீண். "ராக்கெட்டு பார்க்க வெளிய வுட்டீங்களே, அது நெனப்பு இருக்கு. அம்மாவும் ஏரில நின்னு பார்த்துச்சாம். கை நெறைய சேறு, கண்ணை மறைச்சுக்கினு பார்க்க முடியலன்னு சொல்லும்" என்றாள்.

அந்த நாலு பக்கத்தில் எனக்கு நினைவிருந்ததை எல்லாம் போனிலேயே அவளுக்குச் சொன்னேன். ஆண்கள் பறியைத் தூக்கும் இடம் வந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. பிறகு சிரிப்பு நின்று, "டீச்சர், எங்க வூட்டு ஆளுங்க தூங்கலன்னாலும் படகு எங்க கைக்கு வராது" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

அவள் மகள் பொன்னேரியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். "ஞாயித்துக்கிழம இட்டுக்கினு வரேன். அவகிட்ட நீங்களே சொல்லுங்க, எனக்குச் சொல்ல வராது" என்றாள். வரும்போது எறா கொண்டு வருவாளாம். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. 'சுல்தானாவின் கனவு' தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள் பிள்ளைகளே. போனில் படித்துக் கண் எரிகிறது, அச்சுப் புத்தகமாக இருந்தால் நல்லது. தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.